மருந்து போகும் பாதையில்தான் ரத்தமும் போகிறது

என் மகளின் இடது கண்ணுக்காக மூன்று முறை தொடைத் தமனி வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தினார்கள். இரண்டு முறை மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் முறை ஒரு துளி மருந்துகூட ஏற்றாமல் கதீட்டரை வெளியே எடுத்துவிட்டார்கள். அந்த மூன்றாம் முறை என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. கண் புற்றுநோய் வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ பஸ் ஏறப் போகும் பெற்றோருக்கு அந்த ஒரு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் சந்தூர்ப் பக்கம். மாமரத்துக்கு ஒட்டுக்கட்டி, கன்று வளர்த்து விற்பது தொழில். பாப்பாவுக்குப் பதினொரு மாதம் இருக்கும்போதே இடது கண் சற்று விலகிப் பார்ப்பதை என் மனைவி கவனித்தாள். பக்கத்து ஊரில் காட்டினோம். மாறுகண்தான், வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். கண்மணியை விரித்து உள்ளே பார்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தெரியாது. மூன்று மாதம் போயிற்று. பொங்கலன்று மாட்டுக்கு முன்னால் நிற்க வைத்து, மாலை மங்கிய வெளிச்சத்தில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தோம். வலது கண்ணில் சிவப்புப் புள்ளி. இடது கண்ணில் வெள்ளை. பூனைக்கண் போலப் பளபளத்தது.

ஃபிளாஷ் படத்தில் கண் ஏன் சிவப்பாகத் தெரிகிறது என்று அதற்கு முன் நான் யோசித்ததில்லை. விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்றொரு படலம் இருக்கிறது. பெரும்பாலும் ரத்தக்குழாய்களால் ஆனது. கண்ணுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பங்கு அதற்குத்தான் போகிறது. வெளிச்சம் அந்த ரத்தத்தில் பட்டுத் திரும்புவதுதான் அந்தச் சிவப்பு. நடுவில் கட்டி எழும்பி மறைத்தால் வெளிச்சம் கட்டியில் பட்டு வெள்ளையாகத் திரும்புகிறது. கண்ணின் சிவப்பு என்பது ரத்தம் ஓடுகிறது என்பதற்கான அடையாளம். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர்தான். சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டிவிட்டால் ஊர் வந்துவிடும். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கன்னடமும் ஓரளவு வரும் என்பதால் அங்கேயே போனோம். குழந்தைக்கு மயக்கம் கொடுத்து இரண்டு கண்களையும் விரிவாகப் பார்த்தார்கள். ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது விழித்திரையில் வரும் புற்றுநோய். இடது கண் மட்டும். ஏ முதல் இ வரை ஐந்து நிலைகள், இவளுக்கு டி. அதாவது கட்டி பெரிது, துகள்களும் சிதறியிருக்கின்றன. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்வை நரம்புக்குள் பரவவில்லை என்று உறுதி செய்தார்கள். சி.டி. ஸ்கேன் எடுக்கவில்லை. இந்த நோய் மரபு வழியில் வந்த குழந்தையாக இருந்தால் கதிர்வீச்சு பிற்காலத்தில் வேறு புற்றுகளுக்கு வழி வைக்கும், ஆகவே முடிந்தவரை தவிர்ப்போம் என்றார்கள்.

அன்றிரவு என் அக்கா போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. என் மனைவி அக்காவின் மகள். "என் பெண்ணை உனக்குக் கொடுத்ததால்தானா தம்பி இப்படி ஆயிற்று?" என்று கேட்டாள். ஊரில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். என் மனைவி மூன்று நாள் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் மருத்துவரிடம் அவளே கேட்டாள். 13 ஆவது குரோமோசோமில் ஆர்.பி.1 என்றொரு மரபணு இருக்கிறது, அது பழுதாவதால் வருவது இந்த நோய் என்று அவர் விளக்கினார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான பிரதி வந்தாலே போதும். பல குழந்தைகளுக்கு அது புதிதாகவே நேர்கிறது. இரண்டு பக்கமும் ஒரே சொந்தமாக இருந்தால்தான் வரும் நோய் அல்ல இது. சொந்தத்தில் கட்டுவதால் வரும் வேறு நோய்கள் உண்டு, இது அந்த வகையில் சேராது என்று தெளிவாகச் சொன்னார். ரத்தத்தில் மரபணுச் சோதனையும் செய்தோம். பாப்பாவிடம் மரபு வழிப் பழுது இல்லை என்று வந்தது. ஒரு கண்ணில் மட்டும் வரும் குழந்தைகளிலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேரிடம் அது இருக்கும் என்பதால் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் எங்கள் மூத்த மகனின் கண்ணையும் பார்த்தார்கள். உடன்பிறந்தவர்களைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

இரண்டு வழி இருந்தது. கண்ணை எடுத்துவிடுவது ஒன்று. கண்ணுக்குப் போகும் தமனிக்குள்ளேயே கீமோ மருந்தைச் செலுத்திப் பார்ப்பது இன்னொன்று. என் அம்மா கண்ணை எடுக்கக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். ஊர் மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டார். ஆனால் நாங்கள் இரண்டாவது வழிக்குப் போனது அம்மாவுக்காக அல்ல. நரம்பு சுத்தமாக இருக்கிறது, முயற்சி செய்யலாம் என்று மருத்துவர் சொன்னதால்தான். எங்கள் பக்கத்துக் கட்டிலில் கோலார் பக்கத்துக் குழந்தை ஒன்று இருந்தது. அதற்கு இ நிலை. கண்ணை எடுத்தார்கள். அந்தத் தாய் சரியான முடிவைத்தான் எடுத்தாள். கண்ணைக் காப்பாற்றப் போய் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் நோய் நரம்பு வழியாக மூளைக்கும் உடம்புக்கும் போகும். தமனி வழியாகக் கொடுக்கும் மருந்து கண்ணுக்கு மட்டுமே. உடம்பில் பரவியதை அது தடுக்காது. உயிர் முதலில், கண் அடுத்து, பார்வை அதற்கும் அடுத்து. இந்த வரிசையை எங்கள் மருத்துவர் முதல் நாளே சொன்னார்.

இந்தச் சிகிச்சைக்கு முன்னோடி ஜப்பானியர்கள். அகிஹிரோ கனெகோவும் அவருடன் இருந்தவர்களும் கழுத்துத் தமனிக்குள் சிறு பலூனை ஊதி அடைத்து, மருந்தைக் கண் பக்கம் திருப்பிவிட்டார்கள். 2006 இல் நியூயார்க்கில் டேவிட் ஆப்ராம்சனும் பியர் கோபனும் நேராகக் கண் தமனியின் வாய்வரை கதீட்டரைக் கொண்டுபோனார்கள். இப்போது எங்கும் செய்வது பெரும்பாலும் இந்த முறைதான். இடுப்புக்குக் கீழே தொடைத் தமனியில் நுழைத்து, வயிறு, நெஞ்சு, கழுத்து கடந்து மூளைக்குப் போகும் தமனி வரை ஏற்றி, அதிலிருந்து கண்ணுக்குப் பிரியும் கிளையின் வாயில் நிறுத்துகிறார்கள். கடைசியில் உள்ளே போகும் குழாய் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். மெல்ஃபலான் என்ற மருந்தை அரை மணி நேரம் விட்டுவிட்டுத் துளித்துளியாகச் செலுத்துகிறார்கள். பாப்பாவுக்குக் கொடுத்தது 4 மில்லிகிராம். கரைத்த பிறகு அந்த மருந்து அதிக நேரம் தாங்காது. அதனால் கதீட்டர் சரியாக நின்ற பிறகே மருந்தைக் கரைப்பார்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் நமக்கு நேரம் நீள்வது இதனாலும்தான்.

முதல் முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. நாங்கள் அழுதுவிட்டோம்.

இரண்டாம் முறை, கதீட்டர் கண் தமனிக்கு அருகே போனதும் குழந்தையின் நுரையீரல் திடீரென்று இறுகியிருக்கிறது, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. மயக்க மருத்துவர் எதிர்பார்த்தே இருந்தார். அட்ரினலின் கொடுத்துச் சரிசெய்தார். இரண்டாம் முறையிலிருந்து சில குழந்தைகளுக்கு இப்படி நேரும் என்று பிறகு விளக்கினார்கள். இதை நான் சொல்வது பயமுறுத்த அல்ல. இந்தச் சிகிச்சையை எங்கே செய்வது என்று தேடும்போது கதீட்டர் போடுகிறவரின் திறமையை மட்டும் விசாரிக்கிறோம். இந்தச் சிகிச்சைக்குப் பழகிய குழந்தை மயக்க மருத்துவர் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் இடது இமை வீங்கிவிட்டது. நெற்றியில் மூக்கின் மேல் தொடங்கித் தலைமுடி வரை சிவப்பாக ஒரு பட்டை. பிறகு இமை தொங்கியது, இமைமுடி சில உதிர்ந்தது. அம்மா நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அதற்காக அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பெங்களூருக்குப் படம் அனுப்பினேன். கண் தமனியின் கிளைகள் நெற்றிக்கும் இமைக்கும்கூடப் போகின்றன, மருந்து அங்கேயும் கொஞ்சம் போயிருக்கிறது, பெரும்பாலும் வாரங்களில் வடியும் என்றார்கள். வடிந்தது. நான் அதோடு மறந்துவிட்டேன். நெற்றிச் சிவப்பைப் பார்த்த எனக்கு, அதே மருந்து கண்ணுக்குள் இருக்கும் குழாய்களை என்ன செய்திருக்கும் என்று தோன்றவில்லை.

மூன்றாம் முறை. உள்ளே போய் முக்கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. அவ்வளவு சீக்கிரம் திறக்கக் கூடாது. மருத்துவர் எங்களைக் கணினித் திரைக்கு முன் உட்கார வைத்து மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். கதீட்டர் வழியாகச் சாயம் விட்டு எடுத்த எக்ஸ்ரே படங்கள். முதல் முறை எடுத்த படத்தில் கண் தமனி நூல் போலத் தெளிவாகப் போகிறது, அதன் முடிவில் கண்ணின் பின்புறத்தை ஒட்டிப் பிறை போல ஒரு மங்கலான நிழல். அந்தப் பிறைதான் கோராய்டில் ரத்தம் நிரம்புவது. இரண்டாம் படத்தில் பிறை இருந்தது, கொஞ்சம் மெலிந்து. மூன்றாம் படத்தில் தமனியே தொடக்கத்தில் இறுகி நூலிழையாகத் தெரிந்தது. பிறையைத் தேட வேண்டியிருந்தது.

ஒட்டுக்கட்டுகிறவனுக்கு அந்தப் படத்தை விளக்கத் தேவையில்லை. ஒட்டு பிடித்த பிறகும் பாலித்தீன் நாடாவை அவிழ்க்காமல் விட்டால் தண்டு பருக்கும், நாடா இறுக்கும், கட்டிய இடம் இடுப்பு போலச் சிறுத்து மேலே இலை வாடும். வேரில் தண்ணீர் இருக்கும், மேலே போகாது. நான் திரையைத் தொட்டு "இங்கே இறுகிவிட்டதா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். சுருக்கத்தைத் தளர்த்த மருந்து கொடுத்துக் காத்திருந்தார்களாம். கொஞ்சம் தளர்ந்ததே தவிர முன்போல் ஓடவில்லை. இந்த நிலையில் மெல்ஃபலானை உள்ளே விட்டால் அது ரத்தத்தில் கலந்து ஓடாமல் அங்கேயே தேங்கும், கட்டிக்குப் போவதைவிடக் குழாயைப் பொசுக்குவதுதான் அதிகமாக இருக்கும் என்று நிறுத்தியிருக்கிறார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று அன்றும் அதற்குப் பிறகும் பலமுறை கேட்டுத் தெரிந்துகொண்டேன். காரணம் ஒன்றல்ல. கதீட்டரின் நுனி உரசுவதாலேயே சின்னக் குழந்தையின் தமனி துடித்துச் சுருங்கும். மருந்துக்குப் புற்றுச் செல் வேறு, ரத்தக்குழாயின் உள்பூச்சு வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. உள்பூச்சு வீங்கினால் குழாயின் வாய் குறுகும். சிறு ரத்தக்கட்டி போய் அடைப்பதும் உண்டு. அதைத் தவிர்க்கத்தான் சிகிச்சையின்போது ஹெப்பாரின் கொடுக்கிறார்கள். கதீட்டர் தமனிக்குள் ஆழமாகப் புகுந்து வாயை அடைத்துக்கொண்டால் மருந்து நீர்க்காமல் ஒரே அடியாகப் போகும். அதனால்தான் வாயில் நிறுத்தி, ரத்தம் ஓட இடம் விட்டு, விட்டுவிட்டுச் செலுத்துகிறார்கள். குழந்தை சிறியதாக இருக்க இருக்கக் குழாயும் சிறியது. சில மாதக் குழந்தைகளுக்கு முதலில் சிரை வழியாகக் கீமோ கொடுத்து, வளர்ந்த பிறகு இந்தச் சிகிச்சைக்கு வருவதும் அதனால்தான்.

அடுத்த மயக்கப் பரிசோதனையில் கையில் சாயம் செலுத்திக் கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். விழித்திரையின் சொந்தக் குழாய்கள் தப்பித்திருந்தன. ஆனால் கோராய்டில் நடுப்பகுதியும் மூக்குப் பக்கமும் சாயம் நிரம்பாமல் இருட்டாகக் கிடந்தது. மாதங்கள் போகப் போக அந்த இடம் வெளுத்து மெலிந்தது. வெளிச்சத்தைப் பிடிக்கும் செல்கள் கோராய்டின் ரத்தத்தை நம்பித்தான் இருக்கின்றன. ரத்தம் நின்ற இடத்தில் அவை திரும்பி வராது. மீதியிருந்த கட்டியை லேசரால் அடக்கினார்கள். கட்டி இன்று சுண்ணாம்புத் தழும்பாக அசையாமல் இருக்கிறது. கண் இருக்கிறது. அந்தக் கண்ணால் அவள் வெளிச்சத்தையும் பக்கவாட்டில் அசையும் கையையும் அறிகிறாள், அவ்வளவுதான்.

நான் நெடுநாள் கோபத்தில் இருந்தேன். கட்டியைக் கொன்ற மருந்தே பார்வையையும் எடுத்துவிட்டதே என்று. இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். கட்டியே பார்வை மையத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. மருந்து போகாவிட்டால் கண் போயிருக்கும். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு மருந்தை ஏற்றியிருந்தால் இப்போது மிஞ்சியிருக்கும் விழித்திரைக் குழாய்களும் அடைந்திருக்கலாம். நிறுத்தத் தெரிந்த மருத்துவர் எங்களுக்குக் கிடைத்தார். வந்ததற்கு மருந்தை ஏற்றி அனுப்பாமல் பாதியில் கதவைத் திறந்து வெளியே வந்தாரே, அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

நான் செய்யத் தவறியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் "கட்டி எவ்வளவு சுருங்கியது?" என்று மட்டுமே கேட்டேன். "ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது?" என்று கேட்கவில்லை. இரண்டாம் படத்திலேயே பிறை மெலிந்திருந்தது. கேட்டிருந்தால் மூன்றாவதை இன்னும் சில வாரம் தள்ளலாமா, மருந்தின் அளவை மாற்றலாமா, நடுவில் சாயப்படம் ஒன்று எடுக்கலாமா என்று பேசியிருக்கலாம். பேசியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. பேச்சாவது நடந்திருக்கும். நீங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், கதீட்டர் எங்கே நின்றது, தமனி முன்போல் இருக்கிறதா, கோராய்டு நிரம்பியதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதுங்கள். எக்ஸ்ரே படங்கள் பதிந்த குறுந்தகட்டை அன்றே வாங்கிவிடுங்கள். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்க நேர்ந்தால் எழுத்து அறிக்கையைவிட அந்தப் படங்கள்தான் பேசும்.

சிகிச்சைக்குப் பிறகு பார்க்க வேண்டியது கண் மட்டுமல்ல. கதீட்டர் போட்ட கால் முதல் சில மணி நேரம் மடங்கக் கூடாது. பாப்பாவை மடியில் படுக்க வைத்து என் மனைவி முழங்காலைப் பிடித்தபடியே இருந்தாள். அந்தப் பாதம் மற்றதைவிடக் குளிர்ந்தோ வெளுத்தோ இருந்தால் உடனே செவிலியரைக் கூப்பிட வேண்டும். தமனியில் கொடுத்தாலும் கொஞ்சம் மருந்து உடம்பெல்லாம் போகிறது. ஏழாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை வெள்ளணுக்கள் இறங்கலாம். நாங்கள் ரத்தச் சோதனையைக் கிருஷ்ணகிரியிலேயே செய்து முடிவைப் போனில் அனுப்பினோம். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் சிரப் கொடுத்துக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசித் தேதி நடுவில் வந்தால் புற்று மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மயக்கத்துக்கு முன் பட்டினி எங்களுக்குப் பெரிய பாடாக இருந்தது. பசும்பால் ஆறு மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன், தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன் நிற்க வேண்டும் என்பது பொது வழக்கு. உங்கள் மருத்துவர் சொல்லும் நேரமே கடைசி வார்த்தை. முதல் முறை விடிந்த பிறகு கிளம்பி, பஸ்ஸில் பசிக்கு அவள் அழுத அழுகையில் யாரோ ஒரு பெரியவர் பிஸ்கட்டை நீட்டிவிட்டார். நல்லவேளை, வாயில் போகும் முன் பார்த்துவிட்டோம். பிறகு முந்தின நாளே போய்ப் பக்கத்தில் தங்கிக்கொண்டோம். அறை வாடகை கையைக் கடித்தாலும் அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பணம் என்றால், ஒருமுறை மட்டுமே பயன்படும் அந்த மெல்லிய கதீட்டரின் விலைதான் பெரிய பங்கு. மருந்து ஏற்றாமல் நிறுத்தினாலும் அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும். எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள், மருத்துவமனைச் சமூகப் பணியாளரை முதல் நாளே பாருங்கள்.

பாப்பாவுக்கு இப்போது நான்கு வயது. உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போட்டிருக்கிறாள். பார்வைக் குறைக்காக அல்ல, நல்ல கண்ணைக் காக்க. நாற்றுப் பண்ணையில் குச்சியும் கத்தியும் கிடக்கும் இடத்தில் அவள் ஓடுகிறாள், கண்ணாடி இல்லாமல் நாங்கள் வாசல் தாண்ட விடுவதில்லை. கண்மலரை அம்மா போன ஆடியில் சாத்திவிட்டார். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துத்தான்.

இந்தப் பொங்கலுக்கும் படம் எடுத்தோம். இடது கண்ணில் வெள்ளை அப்படியேதான் தெரிகிறது; அது தழும்பு, நோய் அல்ல என்று மருத்துவர் பலமுறை சொல்லியிருக்கிறார். பரிசோதனைத் தேதிகளைப் படம் ஈடுசெய்யாது என்றும் சொல்லியிருக்கிறார். ஆனாலும் என் மனைவி ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கி, வலது கண் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போகிறாள்.